எந்தப் படியில் சரியானது?

நூலகத்தின் பின்னறையில், புத்தக முதுகுகளில் ஒட்டும் எண் லேபிள்களை அச்சிடும் மேசைதான் அவளுடைய இடம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். எல்லோருக்கும் அவள் லேபிளக்கா. மாடியில் கணினிப் பிரிவு இருந்தது. அங்கே ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்ற பேச்சு அடிபட்டதிலிருந்து அவள் கண் அதன் மேல்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆசையை வெளியே சொன்னால் அது சிறுத்துப்போகும் என்று சிலர் நினைப்பார்கள்; அவள் அந்த ரகம்.

அவள் மேசைக் கணினி கிழடு. புதிய எதையும் தாங்காது என்று யாரோ அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து கணினியும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். ஒரு நாள் லேபிள் பிரிண்டர் ஊமையானது. இணையத்தில் கண்ட கட்டளைகளையெல்லாம் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் அடித்து மல்லுக்கட்டி ஓட வைத்தாள். சில மாதம் கழித்து ஏதோ அப்டேட் வந்தது, மறுபடி ஊமை. போன தடவை என்ன செய்தோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டாள். ஒன்றும் நினைவில்லை. பழையபடி முதலிலிருந்து மல்லுக்கட்டு.

இரண்டாவது தடவை ஓடிய சூட்டோடு வலைப்பூ ஒன்றைத் தொடங்கினாள். ‘லேபிள் மேசையிலிருந்து’ என்று பெயர் வைத்தாள். தனக்கு மறந்துபோகாமல் இருக்கத்தான்; வேறு நோக்கம் கிடையாது. முதல் குறிப்பு பிரிண்டரைப் பற்றி. செய்தவற்றை எல்லாம் ஒன்பது படிகளாக எழுதினாள். பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது, அச்சுச் சேவையை நிறுத்தித் தொடங்குவது, அச்சிட அனுமதி உள்ளவர்களின் பிரிண்டர் குழுவில் பயனரைச் சேர்ப்பது, காகித அளவை மாற்றுவது, இப்படி. எந்தப் படியில் சரியானது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. கோபத்தில் சிலவற்றை ஒரே மூச்சில் அடித்திருந்தாள். ஒன்றை விட்டுவிட்டு, அதுவே முக்கியமானதாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது? எல்லாம் இருக்கட்டும் என்று வெளியிட்டுவிட்டாள்.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்த இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். ‘நன்றி. ஆறாவது படியில் சரியாகிவிட்டது’ என்றார் ஒருவர். ‘மூணாவதே போதும், மத்ததெல்லாம் வெட்டி’ என்றார் இன்னொருவர். ‘எதுவும் வேலை செய்யல. ஆனா நல்லா எழுதறீங்க’ என்று ஒருவர். அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரே பூட்டை ஆளுக்கொரு சாவியால் திறந்ததாகச் சொல்கிறார்கள். பூட்டு பூட்டியிருந்ததா என்பதே சந்தேகமாகிவிட்டது.

தலைமை நூலகர் அதைப் படித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

“இவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு இங்க உக்காந்து லேபிள் கிழிச்சுக்கிட்டு இருக்கியேம்மா! கிளை நூலகத்துலயும் இதே பிரிண்டர், இதே தொல்லை. வியாழக்கிழமை போய்ச் சரி பண்ணிட்டு வா. முடிச்சிட்டேன்னா மாடி நாற்காலி உனக்குத்தான்.”

“சார், அதுல எது வேலை செஞ்சுதுன்னு…”

“ஒன்பதையும் செய். வேலை முடிஞ்சுது.”

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

“ஏங்க, நின்னுபோன லிஃப்டை ஓட வச்சா, எதனால ஓடுச்சுன்னு உங்களுக்கு எப்பவும் தெரியுமா?”

“தெரியும்னுதான் பில்லு போடுவேன்.”

“நிஜத்தைச் சொல்லுங்க.”

“சிலது கதவைத் தெறந்து மூடினாலே ஓடும். ஏன்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு செய்வேன். மாத்தினதைப் பழையபடி வச்சுப் பார்ப்பேன். திரும்ப நின்னுச்சுன்னா அதுதான் காரணம்.”

“நிக்கலைன்னா?”

“நிக்கலைன்னா டீ குடிக்கப் போயிருவேன்.”

மறுநாள் மதிய இடைவேளையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அதைத்தான் செய்தாள். ஒன்பதாவது படியில் மாற்றியதைப் பழையபடி வைத்தாள், கணினியை அணைத்து மறுபடி போட்டாள், அச்சிட்டாள். லேபிள் வந்தது. எட்டாவதை எடுத்தாள். வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனாள், வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவள் செய்தது என்று சொல்ல அந்தக் கணினியில் ஒன்றுமே மிச்சமில்லை. பிரிண்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் லேபிளை நீட்டியது. ஓடாமல் போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கலக்கம் இருந்திருக்காது. அப்படியானால் அன்று சரிசெய்தது யார்? அவளா, வேறெதுவோவா, இல்லை நேரமா? ஒன்றுக்குப் பின் ஒன்று வருவதாலேயே முந்தியதுதான் பிந்தியதைப் பெற்றெடுத்ததாக நாம் எல்லோரும்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு அந்த நம்பிக்கை அன்று மதியம் கழன்றுபோனது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வியாழக்கிழமை கிளை நூலகத்தில் புதுப் புத்தகங்கள் லேபிள் இல்லாமல் அட்டைப் பெட்டிகளிலேயே கிடந்தன. கவுன்டரில் இருந்தவர் எழுந்தே வந்துவிட்டார்.

“நீங்கதான் அந்த ஒன்பது படி மேடமா? வாங்க, வாங்க. பெட்டியைப் பிரிக்கலையான்னு தெனம் என்னைக் கிழிக்கிறாங்க.”

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. ஒரு படி, ஓர் அச்சு. முதல் படிக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வரவில்லை. நான்காவதில் பயனரைப் பிரிண்டர் குழுவில் சேர்த்து, கணினியை அணைத்து மறுபடி போட்டாள். பிரிண்டர் ஒரு முறை முனகியது. லேபிள் வந்தது.

“அப்பாடா!” என்று கவுன்டர்காரர் கைதட்டினார்.

அவள் முகத்தில் சிரிப்பில்லை. “ஒரு நிமிஷம் இருங்க. இந்த நாலாவதை எடுத்துட்டுப் பார்த்துக்கறேன்.”

“எடுத்தா?”

“நின்னா, இதுதான் காரணம்னு தெரிஞ்சுடும்.”

“நிக்கணும்னா ஆசைப்படறீங்க?”

“ஆமா. நின்னாத்தான் நல்லது.”

அவர் கணினிக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். “அம்மா தாயே! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கையை எடுங்க. காரணத்தை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு லேபிள் போதும்.”

எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அவர் மசியவில்லை. அவள் பஸ் ஏறுவதற்குள் தலைமை நூலகருக்குப் போன் போய்விட்டது.

“திங்கக்கிழமையிலிருந்து மாடிக்குப் போயிடும்மா” என்றார் தலைமை நூலகர், மறுநாள் அவளைக் கூப்பிட்டு.

“சார், உண்மையைச் சொல்லிடறேன். அது எப்படிச் சரியாச்சுன்னு எனக்குத் தெரியாது. என் மெஷின்ல எல்லாத்தையும் எடுத்துட்டேன், இன்னும் ஓடுது. அங்க நாலாவதுல வந்துது. ஏன்னு கேட்டா பதில் இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “மாடியில யாருக்கும்மா தெரியும்? அவங்க அதைச் சொல்றதில்ல, அவ்வளவுதான்.”

ஆசைப்பட்ட நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்து அவள் முதலில் செய்தது, வலைப்பூக் குறிப்பின் மேலே சில வரிகள் சேர்த்ததுதான். ‘என் கணினியில் இந்தப் படிகள் எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் பிரிண்டர் ஓடுகிறது. வேறோர் இடத்தில் நான்காவது படிக்குப் பிறகு ஓடியது. நான்காவது படியால்தான் ஓடியது என்று சொல்ல என்னால் முடியவில்லை. சரிபார்க்க விடவில்லை.’

மாலைக்குள் அதற்கு ஒரு பதில் வந்திருந்தது. கிளை நூலகத்துக் கவுன்டர்காரர் எழுதியிருந்தார்: ‘மேடம், பெட்டி எல்லாம் பிரிச்சாச்சு. சரிபார்க்க வரவே வராதீங்க.’