விதைச் சாமையில் ஒரு சோதனை ஓட்டம்

இயந்திரத்தின் வாயிலிருந்து அரிசி வரவில்லை; குருணை வந்தது. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டின் சமுதாயக்கூடத்தில் சுற்றி நின்ற பெண்கள் முப்பது பேர் இருப்பார்கள்.

எட்டு ஆண்டுகள் நிருபராக இருந்துவிட்டு, அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் உரிமப் பிரிவுக்குப் போனவன் நான். மக்கள் வரிப்பணத்தில் ஆய்வகம் உருவாக்கும் கருவிகளை, தொழில் செய்யக்கூடிய நிறுவனங்களிடம் சேர்ப்பது என் வேலை. அன்று கொண்டுபோனது சாமையின் உமி நீக்கும் சிறிய இயந்திரம். மலைப் பகுதிக்கான உரிமத்தை இந்தப் பெண்கள் தொடங்கிய கம்பெனி கேட்டிருந்தது. அன்றைய சோதனையில் குருணை வரம்பைத் தாண்டினால் உரிமம் சமவெளி ஆலைக்காரர் ஒருவருக்குப் போய்விடும்.

“அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறி வந்த வளைவுகள்ல ஷாஃப்ட் ஆடியிருக்கும்” என்றார் இயந்திரத்தை வடிவமைத்த பொறியாளர் சிவராமன். போல்ட்டுகளை இறுக்கினார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் குருணை.

“எங்க ஒலக்கையே தேவலை சாமி, இப்பிடி மாவாக்காது” என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு எழுந்தது. கம்பெனித் தலைவி செல்லம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “சும்மா இரு பாப்பாத்தி. மிஷினு போனா திரும்ப மலையேறாது” என்றார்.

முதல் மூட்டை தீர்ந்துவிட்டது. இரண்டாவதைப் பிரித்த சிவராமன், ஒரு பிடி அள்ளி, ஈரப்பதம் அளக்கும் ஈரமானியில் போட்டார். ஈரம் மிகக் குறைவாகக் காட்டியது; முகம் மாறியது. கையைப் பார்த்தார். விரல்களில் சாம்பல்.

“ஏம்மா, இது சாப்பாட்டுச் சாமைதானே?”

“இல்லீங்க. வெதைச் சாமைங்க” என்றார் செல்லம்மாள்.

“விதையா? ஏம்மா?”

“மொத மொத நம்ம கம்பெனி மிஷினு ஓடுது. மொதப் போடு வெதையாத்தானே இருக்கோணும்? பத்தொம்பது ஊட்டுலயும் அடுப்புக்கு மேல கட்டி வெச்சிருந்ததை எறக்கி, சாம்பலைப் பொடைச்சுக் கொண்டாந்தோமுங்க.”

“அப்போ அடுத்த விதைப்பு?”

“திண்ணனூர் நாட்டுல சொந்தம் இருக்குதுங்க. கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாங்க.” மூட்டையைத் தொட்டுச் சொன்னார்: “எங்க சாமை மாதிரி இருக்காது. அது வேற சாமை.”

மாதக்கணக்கில் புகையில் காய்ந்த மணி, தட்டினாலே உடையும். சாப்பாட்டுச் சாமைக்கு வைத்த வேகமே அதை உடைக்கப் போதும். சிவராமன் சுவிட்சை அணைத்தார். இரண்டாவது மூட்டையின் வாயைத் தன் கையாலேயே கட்டி, செல்லம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“இதை எடுத்துட்டுப் போங்கம்மா. விதிப்படி உணவுத் தானியத்துலதான் சோதனை. இந்த ஓட்டம் செல்லாது.”

அந்த விதி எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்கு நான் அனுப்பிய கடிதத்தில் ‘இரண்டு மூட்டை சாமை’ என்று மட்டுமே எழுதியிருந்தேன். அதை அங்கேயே சொன்னேன்.

“அட, நீங்க எழுதியிருந்தாலும் நாங்க இதைத்தான் கொண்டாந்திருப்போமுங்க” என்றார் பாப்பாத்தி.

ஒரு மணி நேரத்தில் வீடுகளிலிருந்து சாப்பாட்டுச் சாமை முறங்களில் வந்து சேர்ந்தது. இயந்திரம் ஓடியது. செல்லம்மாள் ஒரு பிடி அள்ளி, உமியை ஊதிவிட்டு, உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டினார். “முழுசுங்க” என்றார். சிவராமன் குனிந்து வெகுநேரம் பார்த்தார், தன் இயந்திரத்தைத் தானே இப்போதுதான் பார்ப்பவர்போல.

உரிமக் கோப்பில் ‘விண்ணப்பதாரர் இத்தொழிலில் போட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக நிலப் பத்திரம், வங்கிக் கடிதம் என்று நிரப்புவோம். நான் ‘பத்தொன்பது வீடுகளின் விதை, ஒரு மூட்டை’ என்று எழுதினேன். சிவராமன் படித்தார். ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். உரிமம் அந்தப் பெண்களின் கம்பெனிக்கே போனது.

அதன்பின் பல ஊர்களுக்குப் பல கருவிகளைக் கொண்டுபோயிருக்கிறேன். இந்தத் துறைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: சுவிட்சைப் போடும் முன், அந்த மூட்டையை வீட்டில் எதற்காக வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.