பூட்டின பீரோவும் ரெண்டு பஃப்பும்

பள்ளிக்கூட நர்ஸ் வேலையில் பாதி, கணக்குப் பீரியடில் மட்டும் வருகிற வயிற்றுவலியை நம்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்வது. மீதிப் பாதி, பீரோ சாவியைத் தொலைக்காமல் இருப்பது. என்னைப் போல் சிக் ரூமில் உட்கார்ந்து தைலம் தடவிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஒரு விதி இருந்தது. பிள்ளைகள் எந்த மருந்தையும் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் தரைத்தளத்தில் என் இரும்பு பீரோவுக்குள் பூட்டியிருக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரைக்கு இது நல்ல விதி. மூச்சு இழுக்கிற பிள்ளையின் இன்ஹேலருக்கும் இதே விதி என்றபோதுதான் வம்பு வந்தது.

அந்தப் பிள்ளை யாழினி. எட்டாம் வகுப்பு, மூன்றாவது மாடி. மூச்சு முட்டினால் அவள்தான் அத்தனை படியும் இறங்கி மருந்திடம் வர வேண்டும்.

ஆஸ்துமா இல்லை, வீசிங்

யாழினியின் அம்மா லால்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து இன்ஹேலரை என்னிடம் ஒப்படைத்தார். பெட்டிமேல் எழுதுவதற்காக, ஆஸ்துமாதானே என்று கேட்டேன். அவர் ஒரு தடவை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அறுப்பு சமயத்தில் தூசி பறந்தாலும் மார்கழிப் பனி இறங்கினாலும் வருகிற வெறும் வீசிங்தான் என்றார்.

டாக்டர் சீட்டில் ஆஸ்துமா என்றே இருந்தது. நம் ஊரில் வீசிங் என்றால் வந்துவிட்டுப் போகிற விருந்தாளி, ஆஸ்துமா என்றால் வீட்டோடு தங்கிவிட்ட ஆள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மருந்து ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர். பேரை மட்டும் வீசிங்னே எழுதிடுங்க, நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும்ல."

இன்டர்வெல்லில் சாப்பிட்டுக்கோ

இன்ஹேலரை ஒரு தடவை அமுக்கி உள்ளே இழுப்பதற்குப் பெயர் பஃப். டாக்டரும் அப்படித்தான் சொல்வார், யாழினி வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கு மூன்றாவது மாடியில் புதிதாகச் சேர்ந்த சோஷியல் மிஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். யாழினி எழுந்து நின்று, கீழே போய் ரெண்டு பஃப் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். மூச்சு வாங்கும்போது வார்த்தை முழுசாக வராது. மிஸ் காதில் விழுந்தது, கேன்டீனில் விற்கிற வெஜ் பப்ஸ். இன்டர்வெல்லில் சாப்பிட்டுக்கொள்ளலாம், உட்கார் என்றார். அவள் மறுபடி கேட்டாள். வகுப்பே சிரித்தது. மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, கீழே வந்துவிட்டாள்.

என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் உதடு வெளுத்திருந்தது. மருந்தைக் கொடுத்து, நிமிர்ந்து உட்காரவைத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பின்னாலேயே அந்த மிஸ் ஓடி வந்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை.

"சத்தியமா பப்ஸ்னுதான் நினைச்சேன் சிஸ்டர். அதுவும் ரெண்டு கேட்டாளா, கொஞ்சம் ஓவராத்தான் பட்டுச்சு."

பிட்டு இல்லை

பிரின்ஸிபால் மேடத்திடம் போனேன். இந்த ஒரு பெண்ணாவது இன்ஹேலரைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். அவளுக்குத் தானாகவே எடுத்துக்கொள்ளத் தெரியும், டாக்டரும் சரி என்கிறார், அம்மாவும் சம்மதம் என்றேன். மேடம் கெட்டவர் இல்லை. மற்ற பிள்ளைகள் பிடுங்கி விளையாடுவார்கள், யாராவது மருந்தை வாயில் அடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. பேசிப் பேசி, அரையாண்டுப் பரீட்சை முடியும்வரை மட்டும் மேஜைமேல் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

பரீட்சை ஹாலுக்கு வந்த கணக்கு சாரிடம் இதை யாரும் சொல்லவில்லை. நீல நிறத்தில் மூடிபோட்ட ஏதோ ஒன்று. பிட்டு ஒளிக்கிற புது வழி என்று முடிவுகட்டிவிட்டார். கழற்றி, உலுக்கி, உள்ளே காகிதச் சுருள் இருக்கிறதா என்று அமுக்கியும் பார்த்தார். அது அவர் மூக்குக்கண்ணாடியிலேயே அடித்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. சத்தம் கேட்டு வந்த மேடம், கொடுத்த அனுமதியை அங்கேயே ரத்து செய்தார். பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று பயந்தவர், விளையாடியது வாத்தியார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பொருளைத் திருப்பிக்கொடுக்க சாரே வந்தார்.

"பிட்டு இல்ல சிஸ்டர், நல்லா செக் பண்ணிட்டேன். நாலஞ்சு தடவை அமுக்கிட்டேன், காலி ஆயிருக்காதுல்ல?"

உள்ளே நெருப்பு

தை மாதம் பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை வைத்தார்கள். மணி அடித்ததும் எல்லாரும் இறங்கி மைதானத்தில் வரிசையில் நின்றோம். அணைத்துக் காட்டுவதற்காக ஒரு தகர டின்னில் வைக்கோலையும் பழைய சாக்கையும் போட்டுக் கொளுத்தினார்கள். கொள்ளிடத்துப் பக்கமிருந்து வீசிய காற்று அத்தனை புகையையும் எட்டாம் வகுப்பு வரிசைமேல் கொண்டுவந்து போட்டது. யாழினி தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுக்க ஆரம்பித்தாள்.

அவளைப் புகை வராத பக்கம் உட்காரவைத்து, மேடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கட்டடத்துக்கு ஓடினேன். வாசலில் கயிறு கட்டி செக்யூரிட்டி அண்ணன் நின்றார். பிள்ளைக்கு மூச்சு வரவில்லை, மருந்து உள்ளே இருக்கிறது, வழி விடுங்கள் என்றேன். ஒத்திகை முடிகிறவரை உள்ளே நெருப்பு எரிவதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு என்றார். அவரோடு வாதாட நேரமில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடினேன். பீரோவைத் திறக்கிற அவசரத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

திரும்பி வந்தபோது யாழினி கையில் ஏற்கெனவே ஓர் இன்ஹேலர் இருந்தது. சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம். அம்மா வாங்கிக் கொடுத்த இன்னொன்று. முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மேடம் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவள் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார். கையிலேயே வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு நேரம் எடுக்காமல் இருந்தாய் என்று கேட்டார். யாழினி இரண்டு மூன்று மூச்சு வாங்கிவிட்டுப் பதில் சொன்னாள்.

"முன்னாடியே எடுத்திருப்பேன் மேடம். நீங்க பக்கத்துலயே நின்னீங்க, அதான் பயமா இருந்துச்சு."

அடுத்த வாரமே, இன்ஹேலர் மட்டும் பிள்ளை கையிலேயே இருக்கலாம் என்று விதி மாறிவிட்டது, யாழினி இப்போதெல்லாம் சிக் ரூம் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை, ஒரு பள்ளிக்கூட நர்ஸுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் பிள்ளையும் செய்துவிட முடியாது.