திரும்பிப் பார்க்காமல்

சாவு என்றால் எனக்குப் பயம். அதைப் பற்றி என் ஐந்து வயது மகள் கேட்கும் கேள்விகள் என்றால் அதைவிடப் பயம். அப்பா இறந்த அன்று அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் கழிவறைக்குள் புகுந்துகொண்டேன். வந்திருந்த சனம் எனக்கு வயிறு சரியில்லை என்றே நம்பியது.

மறுநாள் காலை அஸ்தி கரைக்க மாமல்லபுரம் கிளம்பினோம். என் மனைவியின் தம்பிதான் கார் ஓட்டினான். மகளும் ஏறிக்கொண்டாள். காருக்குள் கழிவறை இல்லை.

"இந்தச் சட்டிக்குள்ள தாத்தா எப்படிப்பா உக்காந்துகினு கீறாரு?"

"காலை மடக்கிக்கினு."

கார் ஒரு குலுங்கு குலுங்கியது. "மாமா, கம்முனு வா மாமா" என்றான் மச்சான்.

படகுகள் ஏற்றி வைத்திருக்கும் பக்கமாக இறங்கினோம். நான் கடலில் முழுகி, சாம்பலைக் கரைத்தேன். காலிக் கலயத்தைத் தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறச் சொன்னார் கரையில் காரியம் செய்துவைத்த ஐயர். இதையெல்லாம் ஊர் முழுக்கக் கிண்டலடிப்பவன் நான். அன்று கழுத்தில் பலகை வைத்துக் கட்டியவன் மாதிரி நடந்தேன்.

மச்சானிடம் நின்றிருந்த மகள் ஓடிவந்து என் ஈரவேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"ஏம்ப்பா திரும்பக் கூடாது?"

"திரும்பிப் பாத்தா தாத்தா நம்ம கூடவே வந்துடுவாரு."

"வந்தா இன்னா?"

பதில் தெரியாதபோதுதான் எனக்குப் பேச்சு அருவியாகக் கொட்டும். தாத்தாவை சாமி கூப்பிட்டிருக்கிறார், அங்கே அவருக்குச் சுடச்சுட இட்லி, மூட்டுவலி கிடையாது என்று அளந்துகொண்டே போனேன். மறுகேள்வி வரவில்லை. ஒருவழியாகப் பிள்ளையை நம்பவைத்துவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

கார் பக்கமிருந்து மச்சான் கத்தினான். "மாமா! புள்ள எங்க?"

வேட்டியைத் தொட்டேன். அவள் கை இல்லை.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. திரும்பவில்லை. முகத்தைக் காரின் பக்கமே வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே கடலை நோக்கி நடந்தேன். அப்பாவும் வந்துவிடக் கூடாது, பிள்ளையும் கிடைத்துவிட வேண்டும். படகுக் கயிறு தடுக்கி மல்லாந்து விழுந்தேன்.

விழுந்த வேகத்தில் தலை தானாகத் திரும்பியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கடலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, சீக்கிரம் வா! நான் திரும்பிப் பாத்துட்டேன், அப்பாவுக்குத் தெரியறதுக்குள்ள வா!"

அவளைவிட உயரமாக ஒரு அலை எழுந்துகொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தலைமுடிதான் முதலில் கைக்குக் கிடைத்தது. அலை இருவரையும் புரட்டி மணலில் தள்ளியது. அவள் இருமினாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மச்சான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "திரும்பிப் பாத்துட்டியே மாமா, தோஷமாச்சே."

"போடா."

மகள் என் முகத்தையே பார்த்தாள். "நீ பாத்துட்ட இல்ல? தாத்தா வருவாரா?"

இந்தத் தடவை இட்லியெல்லாம் வாயில் வரவில்லை. "வரமாட்டாரும்மா. செத்துட்டாரு. செத்தவங்க வரமாட்டாங்க."

"சாமி சொன்னாகூடவா?"

"சாமி இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியாது. நான் சும்மா வுட்டேன்."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நீ சாவியா?"

"சாவேன்."

"எப்போ?"

"தெரியாதும்மா."

அவளைத் தூக்கிக்கொண்டேன். அவள் ஈரக்கையால் என் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. திரும்பும் வழியில் கார் கேளம்பாக்கம் வருகிறவரை அவளும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.