என்னுடைய ஏழு பாகம்

போன கிழமை மகனின் வள்ளத்துக்கு நங்கூரக் கயிறு வாங்க மன்னார் டவுனுக்குப் போனேன். கடைப் பொடியன் மேசையில் அடித்திருந்த இரண்டு ஆணிகளுக்கிடையே வைத்து மீற்றர் மீற்றராக அளந்தான். புதுக் கயிற்றின் மணம் மூக்கில் ஏற, என்னை அறியாமல் என் கைகள் இரண்டும் விரிந்துவிட்டன.

"என்ன ஐயா, பறக்கப் போறியளோ?" என்றான். கூச்சத்தோடு கைகளை மடக்கிக்கொண்டேன்.

விரித்த கைகளில் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை ஒரு பாகம். எங்கள் ஊரான அரிப்பில் கடலின் ஆழம், வலையின் நீளம், கிணற்றுக் கயிறு எல்லாவற்றையும் நாங்கள் அதில்தான் சொன்னோம். கயிறு வாங்கப் போனால் ஊரிலேயே நீளக் கைக்காரரைக் கூட்டிப் போவோம். கடைக்காரரும் லேசுப்பட்டவரல்ல, அளப்பதற்கென்றே கட்டைக் கைக்காரர் ஒருவரை வைத்திருந்தார். அந்த வேலைக்கு நான் நல்ல பொருத்தம். ஆனால் எனக்கு வாய்த்தது தோணி.

கலியாணம் முடித்த வருடம், மனைவியின் தமையன் சூசையோடு சங்கு குளிக்கப் போனேன். அவர் மூச்சடக்கி இறங்குவார். நான் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, இழுக்கும்போது கைகளால் அளந்து ஆழம் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு காது கொஞ்சம் பழுது. ஆறு பாகத்துக்கு மேல் இறங்கமாட்டார். என் கை கட்டையென்று தோணியில் எல்லோருக்கும் தெரியும். நான் எட்டு என்றால், "மச்சான்ர எட்டு, எங்கட ஏழு" என்று சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டு, ஒருநாள் எட்டு எண்ணிவிட்டு, நானே ஒன்றைக் கழித்து "ஏழு" என்றேன். சூசை வழமைபோல் தானும் ஒன்றைக் கழித்தார். ஆறுதானே என்று கலங்கல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

ஏறி வந்தபோது அந்தப் பழுதுக் காதால் இரத்தம் வடிந்தது.

"இந்தா நிலம், இந்தா நிலம் எண்டு போனன் மச்சான். நீ எத்தினை எண்ணினனீ?"

"எட்டு."

"பிறகேன் ஏழெண்டனீ?"

"சிரிப்பியளெண்டு."

அவர் துவாயால் காதைப் பொத்திக்கொண்டார். "தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. அதற்குப் பின் என்னை வேறு வேலைக்கு மாற்றுவாரென்று நினைத்தேன். மாற்றவில்லை. நான் ஆழம் சொன்னதும் நல்ல காதைத் திருப்பி, "கழிச்சதோ, கழிக்காததோ?" என்று மட்டும் கேட்பார்.

இப்போது வள்ளங்களில் ஆழத்தை இலக்கத்தில் காட்டும் கருவி இருக்கிறது. யாருடைய கையென்று கேட்கத் தேவையில்லை. நல்லதுதான். அன்று இருந்திருந்தால் அந்தக் காது தப்பியிருக்கும். சூசை மச்சானும் போன வருடம் கண்ணை மூடிவிட்டார். என் கணக்கில் எவ்வளவு கழிக்க வேண்டுமென்று தெரிந்த ஒருவரும் இனி அரிப்பில் இல்லை.