அம்மா கேட்ட நீல வள்ளம்

எங்கள் அம்மா தண்ணீரூற்று என்ற ஊரில், வயல் செய்யும் ஒரு கமக்காரர் வீட்டில் பிறந்தவர். முல்லைத்தீவுக் கரைக்கு மணமுடித்து வந்தபிறகே கிழிந்த வலை பொத்தவும் கருவாடு போடவும் பழகினார்.

அப்பா ஒருநாள் கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கருவாடு விற்றே அண்ணாவையும் என்னையும் வளர்த்த அம்மா, அப்பாவின் ஆன்மாவுக்காகத் தேவாலயத்தில் ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்க விடவில்லை. ஆளைக் காணாமல் எப்படிக் குடுக்கிறது என்று கேட்பார்.

ஆழிப்பேரலை வந்த காலை, அம்மாவும் நானும் தண்ணீரூற்றில் சின்னம்மா வீட்டில் நின்றதால் தப்பினோம். வீட்டோடு அப்பாவின் ஒரே படமும் போயிற்று.

பிரான்சில் மண்பாத்திரப் பட்டறையொன்றில் வேலை செய்யும் அண்ணா ஓடி வந்தார். தூரிகையால் நீலப் பூக்கள் கீறிய வெள்ளைத் தட்டொன்றை அம்மாவின் கையில் கொடுத்தார். சீனாச் சாமானோ என்று அம்மா கேட்டார். இல்லையாம். சீனப் பீங்கானில் ஆசைப்பட்ட பிரான்ஸ்காரருக்கு அந்த வெள்ளை மண் அந்நாளில் கிடைக்கவில்லையாம். சாதாரண மண் தட்டைச் சுட்டு, வெள்ளீயம் கலந்த வெள்ளைக் குழம்பில் தோய்த்து, சீனரைப் போலவே நீலத்தில் கீறி, மறுபடி சூளையில் வைத்தார்களாம். அந்தப் பூச்சு மையை உடனே உறிஞ்சிவிடும். பிழைத்தால் அழிக்க முடியாது.

அம்மா தட்டை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அப்பாவின்ர வள்ளத்தை இப்பிடி ஒண்டில கீறித் தாவன்," என்று அண்ணாவிடம் கேட்டார்.

"நான் தோய்க்கிற வேலைதானம்மா செய்யிறன். கீறத் தெரியாது."

"பிழைச்சாலும் பரவாயில்லை. அந்த வள்ளத்தைக் கண்ட கண் உன்ர கண்தானே."

அண்ணா திரும்பிப்போய், பட்டறையில் கீறும் பெண்ணொருவரிடம் தூரிகை பிடிக்கப் பழகினார். பல தட்டுகள் பழுதாகின. அடுத்த வருடம், சண்டையால் எங்கள் பக்கத்துப் பாதை மூடுவதற்குச் சற்று முன், பிரான்சிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் மடியில் வைத்து ஒரு தட்டைக் கொண்டுவந்தார். அதில் நீலத்தில் அப்பாவின் வள்ளம். பாய் கொஞ்சம் கோணல். பின்னணியத்தில், வள்ளத்தின் பின்முனையில், ஒருவர் நின்றபடி கரையைப் பார்க்கிறார்.

"ஓம், இருந்துகொண்டு வரமாட்டார். நிண்டபடிதான் வருவார்," என்றார் அம்மா. பிறகு அழுதார். அப்பாவுக்காக அவர் அழுததை நான் கண்டது அன்றுதான். அந்த ஞாயிறு தானே நடந்துபோய், பாதரிடம் அப்பாவின் பெயருக்குப் பூசை கேட்டார்.

சென்ற மாதம் அம்மா காய்ச்சலில் விழுந்தார். ஐந்து நாள்தான், போய்விட்டார். பாதை மூடியிருந்ததால் அண்ணாவால் வரமுடியவில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாளான இன்று, அந்த நாட்களில் மருந்தெடுத்துத் தந்தவர்களுக்கும், செபம் சொல்லிக் கூடவிருந்தவர்களுக்கும், தொலைபேசி தேடி சைக்கிளில் நெடுந்தூரம் ஓடி அண்ணாவுக்கு அறிவித்த அயலவருக்கும் எங்கள் நன்றி. அம்மாவின் பெட்டியை யார் யார் தூக்கியது என்று அண்ணா தொலைபேசியில் என்னிடம் கேட்டார். பிள்ளையின் இடத்தில் தோள் கொடுத்த உங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னேன். அவர் அங்கே எழுதிக்கொண்டார்.