சாக மறந்த செல்கள்

பேசிப் பிழைக்கிறவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு வந்தது. கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் சுற்றிக் காட்டும் கைடு நான். மதுரையில் டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார்: "கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துப் பாப்போம். கேக்கலைன்னா குரல்வளையை எடுக்கத்தான் வேணும்." எடுத்தால் என் பிழைப்பும் அதோடு போச்சு.

சிகிச்சை முடிந்து அட்டுவம்பட்டி வீட்டுக்கு வந்தேன். வாயெல்லாம் புண். கஞ்சி இறங்கவில்லை, குரல் வெறும் காற்றாக வந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கழுத்துக் கட்டி அப்படியே நெருடியது. இத்தனை பாடும் எதற்கு? வந்த ஆத்திரத்தில் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "வெட்டி எறியச் சொல்லு" என்று மனைவியிடம் சைகை காட்டினேன்.

அவள் விடுவாளா? "பில்லர் ராக்ல மேகம் மூடிக் கெடந்தா, 'கொஞ்சம் பொறுங்க, விலகிரும்'னு ஊரு சனத்தையெல்லாம் நிக்க வைக்கிறீங்கள்ல? உங்களுக்கு மட்டும் பொறுக்காதாக்கும்!" என்று திட்டிக்கொண்டே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கதிர்வீச்சு பட்டதுமே செல்லு செத்துப்போறதில்லைங்கய்யா," என்றார் அவர். "நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சாகுறதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. பழுதாயிட்டா தன்னைத் தானே முடிச்சுக்கும். புற்றுநோய் செல்லு அதை மறந்துட்டுப் பெருகுது. நாங்க அதைச் சேதப்படுத்தி விட்டிருக்கோம். ரெண்டாப் பிரியப் பாக்குறப்ப நெறைய செல்லு தாங்காமச் சாகும். அதுக்கு வாரக்கணக்குல ஆகும். மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுப்போம். சத்தியம் பண்ண முடியாது, ஆனா நம்பிக்கை இருக்கு. அதுவரைக்கும் கழுத்தை நோண்டாதீங்க."

எனக்கு வாயடைத்துப்போனது. ஏற்கெனவே அடைத்த வாய்தான், அது வேறு. தினமும் எனக்குள் எத்தனையோ செல்கள் சுருங்கி, துண்டு துண்டாகி, பக்கத்துச் செல்களுக்கு இரையாகி இடத்தைக் காலி செய்கின்றனவாம். சீழ் இல்லை, நாற்றம் இல்லை. அடேயப்பா! சாவதில் இவ்வளவு நாகரிகமா? சீசன் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் குப்பையைப் பார்த்துச் சலித்தவனுக்கு இது பெரிய அதிசயமாகத்தான் இருந்தது. இந்த உடம்பையா இத்தனை நாள் மதிக்காமல் இருந்தேன்!

வாய்ப்புண் ஆறியது. கஞ்சி போய் இட்லி வந்தது. கட்டி கரைகிறதா என்று தினமும் திருட்டுத்தனமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு நாள் சின்னதாகத் தெரியும், மறுநாள் பழையபடி தெரியும். ரிசல்ட் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

மூன்று மாதம் கழித்து மதுரைக்குப் போனோம். பயத்தில் அவள் டாக்டர் அறைக்குள் வரவே மாட்டேன் என்று வெளியே உட்கார்ந்துகொண்டாள். ஸ்கேனைப் பார்த்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டும் பார்த்துவிட்டு, "கட்டி இருந்த தடமே தெரியலைங்கய்யா" என்று டாக்டரம்மா சிரித்தார்.

வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"எடுக்க வேண்டாமாம்." கரகரத்தது. ஆனாலும் என் குரல்தான்.

"என்னது?"

"எடுக்க வேண்டாமாம்."

"கேக்கலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "காது அடைச்சுப்போச்சா? குரல்வளையை எடுக்க வேண்டாமாம்னு சொல்றேன்!" என்று கத்தினேன். அங்கிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "மொதல்லயே கேட்டுச்சுங்க," என்றாள்.