சிப்ஸ் கடை விளம்பரமும் ஒரு வெள்ளைச் சுவரும்

மூன்றாவது தடவையாக மகள் கேமராவோடு கடைக்கு வந்தபோது எனக்கு உடம்பில் தெம்பே இல்லை. காலையிலிருந்து ஏத்தன் வாழைக்காய் சீவி, பொரித்து, பொட்டலம் போட்டு இடுப்பு ஒடிந்திருந்தது. வளைகுடாவில் வருஷக்கணக்கில் கட்டட வேலை பார்த்துவிட்டு, இனி எவனுக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று களியக்காவிளையில் ரோட்டோரம் போட்ட கடை இது. இப்போது எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறேன். நிற்பது மட்டும் மாறவில்லை.

மகள் நாகர்கோவிலில் விளம்பரம், சினிமா எல்லாம் சொல்லித்தரும் படிப்பில் கடைசி வருஷம் படித்தாள். நடிகர் அல்லாத ஆட்களை வைத்து ஒரு சின்ன விளம்பரம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். சிப்ஸ்தான் சரக்கு, நான்தான் நாயகன். சம்பளம் கேட்காமல் சொன்ன இடத்தில் நிற்க அப்பனைவிட்டால் வேறு யார் கிடைப்பார்கள்?

முதலில் எடுத்தது தமாஷ் விளம்பரம். கூடப் படிக்கும் இரண்டு பையன்கள் எழுதிய வசனத்தைச் சொல்லிவிட்டு, ஒரு சிப்ஸைக் கடித்துக் கண்ணை உருட்ட வேண்டும். உருட்டினேன். சாமான் வாங்க வந்த ஒரு அம்மா, அப்பாவுக்குச் சுகமில்லையா என்று மகளிடம் கேட்டுவிட்டுப் போனார். அடுத்தது உருக்கமான விளம்பரம். வாழைக்குலையைத் தோளில் வைத்து மெதுவாக நடந்துவந்து, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். பெருமூச்சுக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் விடு என்று சொன்னால் வரவில்லை.

இரண்டையும் பார்த்த ஆசிரியை, நடிப்பது அப்பட்டமாகத் தெரிகிறது, வேறு பாணியில் எடுத்து வா என்று திருப்பிவிட்டார். இனி ஒரு வாய்ப்புதான். இதுவும் தேறாவிட்டால் அந்தப் பாடம் போச்சு. மகள் இதை அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பையன்கள் வரவில்லை. கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டு, தன் போனை என் கையில் கொடுத்தாள்.

“கேமரான்னாலே நீங்க வெறச்சுப் போறீங்கப்பா. கல்ஃப்ல இருந்து எனக்கு வீடியோ கால்ல பேசுவீங்கல்லா, அதே மாதிரி பேசுங்க. அந்த ஸ்டைல்லயே எடுத்துருவோம்.”

போனை வாங்கியதும் என் கால்கள் தானாக நடந்தன. கடையின் பக்கவாட்டில் புதிதாக வெள்ளையடித்த சுவர் ஒன்று உண்டு. அதில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கையால் தலைமுடியை ஒதுக்கி, போனை உயர்த்திப் பிடித்துச் சிரித்தேன். அப்பா நல்ல சுகமாக்கும், இங்க ஒரு குறையும் இல்ல, நம்ம கடை சிப்ஸு தேங்காயெண்ணெயில பொரிச்சதாக்கும், கேட்டியா என்று மளமளவென்று சொன்னேன். ஒரே தடவை. திக்கவில்லை, விறைக்கவில்லை. தப்பித்தோம் என்று கை கழுவப் போனேன்.

மகள் அதைப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“சின்ன வயசுல நான் பாத்த அதே சிரிப்பு. அப்பவும் பின்னால வெள்ளைச் சுவருதான். அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்கம் என்னப்பா இருந்துச்சு?”

உடம்பில் தெம்பு இருந்திருந்தால் இன்னொரு சிரிப்புச் சிரித்துச் சமாளித்திருப்பேன். அன்று அதற்குக்கூட முடியவில்லை. கழுவாத கையோடு வாழைக்குலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

கட்டட வேலைக்காரர்கள் நாங்கள் தங்கிய கேம்பில் அழுக்குப் படாத சுவர் அது ஒன்றுதான், ஆபீஸ் பக்கம். வெள்ளிக்கிழமை லீவு நாளில் வீட்டுக்குப் பேச எல்லாரும் அந்தச் சுவருக்குத்தான் வரிசையில் நிற்போம். சீப்பு கைமாறும். அறையில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தவன்கூட முறை வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரிப்பான். எதிர்ப்பக்கம் அடுக்குக் கட்டில்கள், கொடியில் ஈரத்துணி, மூட்டைப்பூச்சி, மூலையில் ஸ்டவ். போனை யாரும் அந்தப் பக்கம் திருப்பியதே இல்லை. எனக்குத் திருப்ப ஆசையாகத்தான் இருந்தது. அம்மா மடியில் உட்கார்ந்து கை காட்டும் பிள்ளையிடம் எதைக் காட்டுவது?

அன்று அவள் எதையும் எடுக்கவில்லை.

மறுநாள் வந்து, சுவர்ப் பக்கம் போக வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்றாள். வீடியோ கால் மாதிரியேதான் எடுத்தாள், ஆனால் போனை எதிர்ப்பக்கம் திருப்பி. புகை படிந்த சுவர், தோல் குவியல், உப்புத் தண்ணீர் விட்டதும் சட்டியில் எழும் இரைச்சல், வியர்வையில் ஒட்டிய என் சட்டை. எனக்கு வசனம் கிடையாது. கடைசியில் நான் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். சிரிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஆசிரியை ஏற்றுக்கொண்டார்.

இப்போது அவளுக்குச் சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவாள். போன வாரமும் வந்தாள். தலை சீவியிருந்தாள். ஆபீஸ் நல்லா இருக்கு, ஹாஸ்டல் நல்லா இருக்கு, சாப்பிட்டாச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பின்னால் வெள்ளைச் சுவர்.

“போனை அந்தப் பக்கம் திருப்பு மக்கா,” என்றேன்.

சிரிப்பு நின்றது. பிறகு போனைத் திருப்பினாள்.